ஒரு பக்கம் மொட்டையான சுமோ: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களின் பாடி ஸ்டிக்கர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: என்னிடம் இருப்பது 1999 மாடல் டாடா சுமோ. லாரி உரசியதில் இடது முன்கதவு நசுங்கி, டிங்கர் வேலையும் பெயின்டும் முடித்து எடுத்தேன். வலது பக்கம் பட்டை ஸ்டிக்கரும் எழுத்தும் அப்படியே இருக்கின்றன. இடது முன்கதவு மட்டும் மொட்டை. கம்பெனி ஸ்டிக்கர் இப்போது வருவதில்லை என்கிறார்கள். கடையில் வெட்டி ஒட்டினால் பொருந்துமா? – வாசகர், சத்துவாச்சாரி

ப: பொருந்தும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வேலை பாதி இருக்கிறது. “சுமோ ஸ்டிக்கர் போடுங்க” என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், கடைக்காரர் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு டிசைனை வெட்டிக் கொடுப்பார். பக்கத்துக் கதவின் பட்டையோடு அது அரை அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். தெருவின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

ஒருமுறை ஸ்பேர்ஸ் கவுன்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டிக்கருக்கும் பார்ட் நம்பர் உண்டு, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி நம்பர். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பழைய இருப்பு சிக்கினால், காசு கொடுப்பதற்கு முன் ஒரு மூலையை உரித்துப் பாருங்கள். பின்தாள் மஞ்சளாகி, பசை தாளோடு போய்விட்டால், அல்லது விரலில் ஒட்டாமல் வழுக்கினால், அசல் சரக்கே ஆனாலும் வேண்டாம்.

கிடைக்கவில்லை என்றால் வலது பக்கத்தைப் பிரதி எடுக்க வேண்டியதுதான். வலது முன்கதவைக் கழுவித் துடைத்து, பெரிய பட்டர் பேப்பரை மாஸ்கிங் டேப்பால் கதவின் மேல் விறைப்பாக ஒட்டுங்கள். ஸ்டிக்கரைத் தொடுவதற்கு முன் கதவின் முன்விளிம்பு, பின்விளிம்பு, நடுவில் ஓடும் பாடி லைன் (தகட்டில் மடிப்பாகத் தெரியும் நீளக் கோடு), கைப்பிடி ஆகிய நான்கையும் தாளில் குறித்துவிடுங்கள். இந்த நான்கும் இல்லாத பிரதி வெறும் படம்தான், ஒட்டும்போது எதற்கும் உதவாது. பிறகு 2பி பென்சிலைப் படுக்க வைத்து, சின்ன வயதில் காசைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்த மாதிரி மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஸ்டிக்கரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் விளிம்பு கறுப்புக் கோடாக எழுந்து வரும். அந்தக் கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் உறுதிப்படுத்துங்கள்.

தாளைத் திருப்பிப் போட்டால் இடது பக்கத்துக்கான பட்டை தயார். சிக்கல் எழுத்தில்தான். பட்டை கண்ணாடி பிம்பமாகத் திரும்பலாம், எழுத்து திரும்பக் கூடாது. இடது பக்கத்திலிருந்து வண்டியைப் பார்த்தால் முதல் எழுத்து வண்டியின் முன்பக்கம் இருக்கும். வலது பக்கத்தில் கடைசி எழுத்துதான் முன்பக்கம் வரும். அதனால் கதவின் முன்விளிம்பிலிருந்து எழுத்துத் தொகுப்பு எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்ற அளவை எடுத்து, அதே அளவை இடது பக்கத்தில் முதல் எழுத்துக்கு வையுங்கள். பட்டையையும் எழுத்தையும் ஒரே கோப்பில் போட்டு “மிரர்” அழுத்திவிட்டு, அப்புறம் தலைகீழ் எழுத்தோடு ஸ்டிக்கரை வாங்கி வருவது அடிக்கடி நடக்கும் கூத்து.

எழுத்தின் வளைவுகளைப் பென்சில் சரியாகப் பிடிக்காது. அதற்கு போட்டோ எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரங்கள் வளையும். பத்தடி பின்னால் தள்ளி, ஸ்டிக்கரின் உயரத்துக்கே குனிந்து, ஜூம் செய்து நேராக எடுக்க வேண்டும். ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை டேப்பால் ஒட்டி வைத்தால், கடைக்காரர் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் அளவைச் சரிசெய்ய அதுவே போதும்.

வினைலில் வெட்டுவதற்கு முன் சாதாரணத் தாளில் அதே அளவுக்கு ஒரு பிரின்ட் வாங்கிக் கதவில் ஒட்டி, பதினைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. டிங்கர் வேலை நடந்த கதவில் பாடி லைன் பழைய இடத்திலேயே வந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கலாம். முன் ஃபெண்டரிலும் பின்கதவிலும் இருக்கும் பழைய பட்டையின் மேல்விளிம்புக்கு மேல்விளிம்பாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலுக்குத்தான் புதுப் பட்டை சேர வேண்டும். கண்ணுக்குத் தெரிவது பட்டையின் ஓட்டம், பாடி லைன் அல்ல.

நிறத்தை ஷேட் கார்டு வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் டியூப்லைட்டுக்கு அடியில் எல்லாச் சாம்பலும் ஒரே சாம்பல்தான். வலது பக்கம் வெளுத்திருந்தால், புதிதாக ஒட்டிய ஒரு கதவு மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். அப்படி இருந்தால் இடது பக்கம் முழுவதையும் ஒரே வினைலில் மாற்றுவது உத்தமம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை, ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு கதவுகளை எல்லோரும் பார்ப்பார்கள். வெட்டிய கோப்பை மறக்காமல் பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஸ்டிக்கர் கடையில் ஒருவர் சொல்லும் விலையைப்போல் மூன்று மடங்கு இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் வினைல்தானே? – வாசகர், ஆம்பூர்

ப: பெயர் ஒன்று, செய்முறை வேறு. விலை குறைந்தது காலண்டர்டு வினைல். பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாவு போல அழுத்தி இழுத்துத் தகடாக்குவார்கள். அந்த இழுவிசை தகட்டுக்குள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். விலை கூடியது காஸ்ட் வினைல். திரவமாக ஊற்றி அடுப்பில் காயவைப்பதால் உள்ளே இழுவிசை கிடையாது, சுருங்குவதும் மிகக் குறைவு. காஸ்ட் சுமார் 50 மைக்ரான், காலண்டர்டு பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான். தடித்தது உழைக்கும் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஓராண்டு கழித்து ஸ்டிக்கரைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்புக் கோடு தெரிகிறதே, அது இந்தச் சுருக்கத்தின் வேலை. தகடு உள்ளே வாங்கிக்கொள்ள, வெளியே தெரியும் பசையில் ரோட்டுப் புழுதி ஒட்டிக்கொள்கிறது.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு விரல் அகலத் துண்டை வாங்கி, ஹேர் டிரையரால் சூடாக்கி, இழுத்து, ஆறவிட்டு, மறுபடி சூடு காட்டுங்கள். காலண்டர்டு விறுவிறுவெனச் சுருங்கும். சமதளமான கதவுக்கு நல்ல காலண்டர்டே சில ஆண்டு தாங்கும். பானெட்டுக்கும் கூரைக்கும் காஸ்ட் மட்டும்தான். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, அந்த வெயிலை நேராக வாங்குவது படுக்கையான தகடுகள்தான்.

இன்னொன்று. நம் ஊரில் எல்லா ஸ்டிக்கருக்கும் “ரேடியம்” என்று பெயர். கடையில் அப்படிக் கேட்டால் இரவில் மின்னும் ரிஃப்ளெக்டிவ் தகட்டை எடுத்து வெட்டிவிடுவார்கள். அது விறைப்பானது, வளைவில் படியாது, எடுக்கும்போது தூள்தூளாக உடையும். “மின்னாத சாதா வினைல்” என்று சொல்லி, பளபளப்பான கிளாஸா, மங்கலான மேட்டா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கே: ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கரைந்து போகும் பட்டை எங்கள் வண்டியில் இருந்தது. கறுப்பு வண்டி. பிரின்ட் செய்து ஒட்டியதில் நிறமே தெரியவில்லை. – வாசகர், வாலாஜாபேட்டை

ப: டிரான்ஸ்பரன்ட் வினைலில் அடித்திருப்பார்கள். பிரின்டர் மை கண்ணாடி போன்றது, பின்னால் வெள்ளை இருந்தால்தான் நிறம் தெரியும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் மெஷின்களில் பெரும்பாலும் வெள்ளை மை இருக்காது. வெள்ளை வினைலில் பிரின்ட் எடுத்து, விளிம்பை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். பிரின்ட் எடுத்தபின் ஒரு நாள் முழுக்க விரித்துக் காயவைத்து, அதன் பிறகே மேலே லேமினேஷன் போட வேண்டும். ஈர மையின் மேல் லேமினேஷன் போட்டால் மையிலிருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கிப் பசையைக் கெடுக்கும், ஓரம் சுருளும். லேமினேஷனே இல்லாத பிரின்ட் வெயிலுக்கு நிற்காது.

கே: பழைய ஸ்டிக்கர் பாதி உதிர்ந்து, பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தின்னர் போட்டால் வந்துவிடும் என்கிறார் பெயின்டர். செய்யலாமா? எடுத்த பிறகு நிழல் மாதிரித் தடம் தெரியுமாமே? – வாசகர், குடியாத்தம்

ப: தின்னரைத் தொடாதீர்கள். பழைய வண்டி ஒருமுறையாவது ரீபெயின்ட் ஆகியிருக்கும். அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் என்றால் தின்னர் ஸ்டிக்கரோடு பெயின்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். சந்தேகமிருந்தால் கதவைத் திறந்து, கண்ணில் படாத உள்விளிம்பில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் இளகி நிறம் கரைந்து வந்தால் என்.சி. அசையாமல் நின்றால் டூ கே (ஹார்டனர் கலந்து அடிப்பது) அல்லது கம்பெனி பெயின்ட்.

சூடுதான் சரியான வழி. ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் என்றால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தாற்போல மெதுவாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் பசையும் கூட வரும். வெடுக்கென்று பிடுங்கினால் பசை தங்கும், டிங்கர் வேலை நடந்த இடமானால் பெயின்டே அடியில் பூசிய பட்டியோடு (புட்டி) பெயர்ந்து வரும்.

வெயிலில் காய்ந்து அப்பளமாகிவிட்ட ஸ்டிக்கர் துண்டு துண்டாகத்தான் வரும். பழைய ஏ.டி.எம். கார்டை விளிம்பில் கொடுத்துத் தள்ளுங்கள். இரும்புத் தகடு கூடாது. டிரில்லில் மாட்டும் ரப்பர் வீல் கம்பெனி பெயின்டுக்கு நல்லது. வேகத்தைக் குறைத்து, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் வெந்துவிடும். என்.சி. பெயின்டில் வீல் வேண்டாம்.

மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போர்த்திவைத்து, பிறகு துடையுங்கள். மண்ணெண்ணெயின் பிசுக்கு நின்றால் புது ஸ்டிக்கர் ஒட்டாது. ஷாம்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முடியுங்கள்.

நிழல் தெரியத்தான் செய்யும். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் பார்க்காதது, சுற்றியிருப்பது வெளுத்தது. அதே ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுவதாக இருந்தால் இந்த நிழல் வரம். அதுதான் அசல் அளவு, அசல் இடம். பாலிஷ் போட்டு அழித்துவிடாமல், முதலில் பட்டர் பேப்பரில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புதியதைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் தடம் மறையும், சிறிதாக வெட்டினால் பழைய எழுத்து வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்டிக்கரே வேண்டாம் என்றால், சுற்றியுள்ள வெளுத்த பகுதியைத்தான் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்க வேண்டும், நிழலை அல்ல. பத்துப் பதினைந்து வருடத் தடம் முழுக்கப் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கே: பெயின்ட் அடித்து ஐந்தாம் நாள் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒட்டும்போது வழவழவென்று இருந்தது. இரண்டு நாள் வெயிலில் நின்றதும் அம்மை போட்டது போல் கொப்புளம். ஒட்டியவர் தவறா? – வாசகர், ஆரணி

ப: அவரைக் குறை சொல்ல முடியாது. அவசரம்தான் காரணம். பெயின்ட் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும், உள்ளே தின்னர் ஆவி வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மூடி போட்டால் ஆவி வேறெங்கே போகும்? பெயின்ட் பூத்தில் சூடேற்றிக் காயவைத்த பெயின்டுக்கு ஒரு வாரமாவது, ஷெட்டில் காற்றில் காய்ந்ததற்கு மூன்று நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை என்றால் இன்னும் தள்ளிப் போடுங்கள்.

கொப்புளத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். ஒட்டிய அன்றே தெரியும், பெரிதாக இரண்டு மூன்று என்றால் காற்று. ஓரத்தில் ஊசியைச் சாய்த்துக் குத்தி, விரலால் தள்ளினால் படிந்துவிடும். நாள் கழித்து, கடுகு கடுகாகப் பரவலாக எழுந்தால் தின்னர் ஆவி. குத்திவிட்டாலும் மறுநாள் வரும். ஒரே இடத்தில் மட்டும் எழுந்து, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அது ஸ்டிக்கரே அல்ல. பட்டிக்குள் ஈரம் புகுந்து பெயின்ட் தூக்குகிறது. அதை டிங்கரிடம்தான் காட்ட வேண்டும்.

அடுத்த முறை உள்ளங்கை அளவு வினைல் துண்டை ஒட்டி, ஒரு நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கொப்புளம் வந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

கே: ஸ்டிக்கர் கையில் இருக்கிறது. நானே ஒட்டலாம் என்று நினைக்கிறேன். தண்ணீர் தெளித்து ஒட்ட வேண்டுமா, காய்ந்தபடியா? – வாசகர், காட்பாடி

ப: பின்பசையில் நுண்ணிய காற்றுக்கால்வாய் உள்ள வினைலுக்குத் தண்ணீர் ஆகாது. பின்தாளை உரித்தால் பசையில் கட்டம் கட்டமாகத் தடம் தெரியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சாதா வினைலுக்குத் தண்ணீர் நல்லது, முதல்முறை ஒட்டுபவருக்கு நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு, அவ்வளவுதான். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு, ஸ்டிக்கருக்கு அடியில் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து நிற்கும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள்.

காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள், நிழலில். வெயில் ஏறிய கதவில் பசை தொட்ட இடத்தில் கவ்விக்கொள்ளும், திருப்பி எடுக்க முயன்றால் வினைல் நீண்டுவிடும். மார்கழிக் காலையில் வேறு தொல்லை. கதவில் பனி பூத்திருக்கும், துடைத்து நன்றாக உலரும்வரை காத்திருங்கள்.

மேலே டிரான்ஸ்ஃபர் டேப், நடுவில் வினைல், கீழே பின்தாள் என்று மூன்று அடுக்காகத்தான் கடையில் தருவார்கள். எதையும் உரிக்காமல் அப்படியே கதவில் வைத்து, குறிப்புகளோடு சரிபார்த்து, நட்டநடுவில் செங்குத்தாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதுதான் கீல். இடது பாதியைத் தூக்கி, பின்தாளை நடுவரை உரித்து, கத்தரியால் தாளை மட்டும் வெட்டி எடுங்கள். ஈர முறை என்றால் கதவிலும் பசையிலும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கையால் ஓரத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பனியன் துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரு இழுப்பின் மேல் அடுத்த இழுப்பு பாதி ஏறும்படி தேய்த்துக்கொண்டே போங்கள். முழுவதையும் படுக்கவைத்துவிட்டுப் பிறகு தேய்க்கலாம் என்றால் காற்று நடுவில் சிறைப்படும். இடது பாதி முடிந்ததும் கீல் டேப்பை எடுத்துவிட்டு, வலது பாதி.

ஈர முறையில் இருபது நிமிடமாவது விட்டு, பிறகு டிரான்ஸ்ஃபர் டேப்பை உரியுங்கள். வெளிப்பக்கமாக இழுக்கக் கூடாது. கதவை ஒட்டினாற்போல, டேப்பை அதன் மேலேயே முழுக்க மடக்கி இழுக்க வேண்டும். ஏதாவது ஒரு எழுத்து கூடவே எழுந்தால், திரும்பப் படுக்கவைத்து அழுத்தித் தேய்த்துவிட்டுத் தொடருங்கள்.

பட்டை இரண்டு கதவுகளைத் தாண்டிப் போனால், கதவுகளை மூடி ஒரே நீளமாக ஒட்டுங்கள். பின்னர் இடைவெளியில் புது பிளேடால் கீறி, கதவைத் திறந்து, விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டிவிடுங்கள். உள்ளே மடக்கி ஒட்டுவது காஸ்ட் வினைலுக்குச் சரி. காலண்டர்டு ஒரு கோடையில் விரிந்து நிமிர்ந்துகொள்ளும். கூர்மையான மூலை இருந்தால் கடையிலேயே சற்று உருட்டி வெட்டச் சொல்லுங்கள். கழுவும் துணி முதலில் மாட்டுவது கூர் மூலையில்தான்.

ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரம் பிரஷர் வாஷ் கூடாது. அதற்குப் பிறகும் துப்பாக்கியை ஓரத்தில் சாய்த்து அடிக்காமல், நேராக, தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

கே: கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் கிளாடிங்கில் ஒட்டிய எழுத்து நிற்கவே மாட்டேன் என்கிறது. – வாசகர், சோளிங்கர்

ப: பெயின்ட் அடிக்காத அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாப் பசை பிடிக்காது, மேல்பரப்பு அப்படி. டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பசை கூடிய ஹை டேக் வினைல் கேளுங்கள், அல்லது ஒட்டுவதற்கு முன் பசை பிடிக்க உதவும் அட்ஹீஷன் பிரைமரை மெல்லத் தடவுங்கள். சொரசொரப்பான கிளாடிங் என்றால் இரண்டும் வீண்.

கே: பிரீமியர் பத்மினியின் பின்பக்க உலோக எழுத்து ஒன்று விழுந்துவிட்டது. இரண்டு ஓட்டை மட்டும் தெரிகிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? – வாசகர், ஆற்காடு

ப: வேண்டாம். அது காய்ந்தால் கண்ணாடி போல ஆகும், டிக்கியை நாலு முறை சாத்தினால் விட்டுவிடும். விடும்போது பெயின்டையும் எடுத்துக்கொண்டுபோகும்.

முதல் கவலை எழுத்தல்ல, ஓட்டை. உள்ளே தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கும். ஓட்டையின் ஓரத்தை உப்புத்தாளால் சுரண்டி, துரு நீக்கி, பிரைமர், டச்சப் பெயின்ட் போட்டுக் காயவிடுங்கள். எழுத்தின் பின்னால் ஆணி முழுதாக இருந்தால், ஆணியைச் சுற்றி சீலன்ட் வைத்து ஓட்டையில் அழுத்தி, உட்புறம் கிளிப் மாட்டுங்கள். ஆணி ஒடிந்திருந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் ஃபோம் டேப். எழுத்தின் விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே வரும்படி வெட்டி ஒட்டுங்கள், வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் மழைக்கு ஊறிவிடும். ஒட்டும்முன் ஓட்டையை சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும், முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும்.

மற்ற எழுத்துகளையும் கழற்றிப் பார்க்க நினைத்தால் ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம். டேப்பில் ஒட்டியதானால் தூண்டில் நரம்பைப் பின்னால் கொடுத்து ரம்பம் போல இழுத்தால் அறுந்து வரும். ஆணி வைத்ததானால் டிக்கி உள்ளே கிளிப்பைக் கழற்ற வேண்டும். எழுத்தே வேண்டாம், ஓட்டையை மூடினால் போதும் என்றால் வெல்டிங் பொட்டு வைத்துத் தேய்ப்பதுதான் சரி. வெறும் பட்டி அடைத்தால் பின்னாலிருந்து ஈரம் குடித்து உதிர்ந்துவிடும்.

கே: ஸ்டிக்கர் ஒட்டி அதன் மேல் கிளியர் கோட் அடித்தால் நிரந்தரமாகுமா? – வாசகர், வாணியம்பாடி

ப: கிளியர் என்ற அந்த நிறமற்ற மேல்பூச்சில் இருக்கும் தின்னர் வினைலைச் சுருக்கிவிடும். அடுத்த முறை ஸ்டிக்கரை எடுக்க வேண்டுமானால் பெயின்டையே தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். நிரந்தரம் வேண்டுமென்றால் ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். டிசைனின் வெளிப்பகுதியை ஸ்டென்சிலாக வெட்டி ஒட்டி, நடுவில் பெயின்ட் அடித்து, ஸ்டென்சிலை உரித்துவிட்டு, அதன் மேல் கிளியர் அடியுங்கள்.

கே: புதுப் பட்டை ஒட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்ல வேண்டுமா? – வாசகர், ராணிப்பேட்டை

ப: பட்டைக்கும் எழுத்துக்கும் வேண்டாம். வண்டி முழுவதையும் வேறு நிற வினைலால் போர்த்தினால் ஆர்.சி.யில் இருக்கும் நிறம் மாறிவிடுகிறது, அதற்கு முன் அனுமதி வாங்கிப் பதிவை மாற்ற வேண்டும். நம்பர் பிளேட்டில் மட்டும் எந்த ஸ்டிக்கரும், சின்னதாகச் சாமி படம்கூட, ஒட்டக் கூடாது.